விரல் சோதனை

"பல்லைக் கடிச்சுக்கோடி!" மகள் பெனிலாவின் இடதுகை விரல்நுனிகளைச் சுவரில் வைத்து அழுத்தித் தேய்த்தாள் புஷ்பம். மாடிப்படியில் அதிகாரியின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் வயலின் வாசித்தால்தான் அரசு கொடுத்த இந்த வீடு நிலைக்கும். இல்லையென்றால் மறுபடியும் கூவக்கரைக் குடிசை. சுவரில் பதித்த கருவி கேட்டு மார்க் போடும். பதினோரு மாதமாக இந்த வீடுதான் முதல் மார்க்.

அதிகாரி பெனிலாவின் விரல்களைத் தடவிப் பார்த்தார். "இது இப்பத் தேய்ச்ச ரத்தம். தந்தியை அழுத்துன விரல் காய்ச்சுப் போயிருக்குமே, பாப்பா?"

"எனக்கு வயலின் வரலை சார்," என்று அழுதாள் பெனிலா.

"அப்ப இத்தினி நாளா யாரு வாசிச்சது? வெளியாளா?"

"வெளியாளு இல்ல சார்." முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த இடதுகையைப் புஷ்பம் மெல்ல நீட்டினாள். நான்கு விரல்நுனிகளும் கல்லாய்க் காய்த்துப் போயிருந்தன.