மூன்றாவது பல்பு

“இடது கண்ணு போச்சு” என்றார் வாகன ஆய்வாளர். குரலில் ஒரு சொட்டு வருத்தம் இல்லை. எரியாத ஹெட்லைட்டைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையில் கிளம்பும்போது இரண்டு விளக்குமே பளிச்சென்று எரிந்தன. சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூன்று வாரத்தில் இது மூன்றாவது பல்பு.

அவள் கால்நடை மருத்துவர். படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை. பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்க வேண்டும். சொந்த வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை. வாங்கிய பழைய காருக்குத் தகுதிச் சான்றிதழ் தர அந்த ஊரில் இருந்தவர் இந்த ஆய்வாளர் ஒருவர்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இன்று வெள்ளி.

“அடுத்த வாரம் வாம்மா.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க, சார்.”

“போன வாரமும் இதுவேதான் எரியல.”

ஆய்வு வரிசையில் பின்னால் நின்ற வேன் டிரைவர் இறங்கி வந்து அவள் ஜன்னலருகே குனிந்தார். “நானும் மூணு வாரமாப் பாக்கறேன், உன்னை மட்டும் திருப்பித் திருப்பி அனுப்பறாரு. அவருக்கு என்னதான் வேணும்னு கேட்டுப் பாரேன்.”

“அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்ணே. அதை மட்டும் குடுக்க மாட்டேன்.”

கதவைத் திறந்து இறங்கினாள். பையிலிருந்து புது பல்பும் சலவை செய்த கைக்குட்டையும் எடுத்தாள். பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள்.

“இங்க ரிப்பேர் பண்ணக் கூடாது” என்றார் ஆய்வாளர்.

“அப்படி ஒரு விதி இருந்தா எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிடறேன்.”

அவர் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வண்டி எண், இன்ஜின் எண், தயாரித்த வருடம், அவ்வளவுதான் இருந்தது.

“ஒரு பல்பு கூட நிக்காத வண்டி. இதை நம்பி எட்டு மணி நேரம் மலைப்பாதையில போகப் போறியா?”

“போகத்தான் போறேன்.”

விளக்கை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்தாள். பின்புறத்து ஒயர் சாக்கெட்டை ஆட்டி உருவினாள். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விரலால் தள்ளிவிட்டதும் பல்பு பின்பக்கமாக வந்தது. கைக்குட்டையில் பிடித்து அதை வெளிச்சத்தில் திருப்பினாள். வேன் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

“முதல் பல்பு போனப்ப எதேச்சைன்னு நினைச்சேன்” என்று அவர்களிடம் சொன்னாள். “ரெண்டாவது போனதும் மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். பேட்டரிக்கு வர்ற வோல்ட் கூடினா பல்பு சீக்கிரம் போகும்; அது சரியா இருக்கு. லேம்புக்குள்ள தண்ணி இறங்கினா போகும், இறங்கல. ஆட்டம் கண்டா போகும், ஆடல. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். பல்போட கண்ணாடியை வெறுங்கையால தொட்டா, விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை அதுல ஒட்டிக்கும். பல்பு எரிய எரிய அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆயுசு அத்தோட குறைஞ்சுது.”

“நீ தொட்டிருப்பே” என்றார் ஆய்வாளர்.

“நான் துணி இல்லாம தொட மாட்டேன். இதோ பாருங்க.”

பல்பை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். கண்ணாடியில் வெளுத்துப் படிந்த ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை. அதன் நடுவில் சின்னக் கொப்புளம். தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், பாதிகூட இல்லை.

“அட, யாரோ வேணும்னே கழட்டித் தடவி மாட்டியிருக்கான்!” என்றார் வேன் டிரைவர். “போலீசுக்குப் போம்மா.”

ஆய்வாளர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். மறுபடி எடுத்தார்.

அவள் புது பல்பின் உலோக அடியை மட்டும் கைக்குட்டையால் பிடித்து உள்ளே விட்டாள். அதன் மூன்று காதுகளும் பள்ளங்களில் உட்காரும்வரை மெல்லத் திருப்பினாள். கொக்கி, ரப்பர் மூடி, சாக்கெட் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. பானெட்டை இறக்கி மூடி, உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.

இரண்டு விளக்கும் நேராக ஆய்வாளரின் முகத்தில் அடித்தன. அவர் கையைத் தூக்கி மறைத்துக்கொண்டார். வரிசையில் யாரோ ஹார்ன் அடித்தார்கள். இன்னொருவரும் அடித்தார்.

“பையில இன்னும் ரெண்டு வச்சிருக்கேன், சார். இது போனாலும் மாத்துவேன். திங்கக்கிழமை நான் அங்க இருப்பேன்.”

அவர் மறைத்த கையை மெல்ல இறக்கினார். பிறகு படிவத்தைப் பானெட்டின் மேல் வைத்து முத்திரை குத்தினார். அது கோணலாக விழுந்தது.

சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டியவர், கையை உடனே எடுக்கவில்லை. “இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாத. கியர்ல இறக்கு” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். கண் லேசாகக் கலங்கியது; ஆனாலும் குரல் கலங்கவில்லை.

“இனிமே ராத்திரி எழுந்து வந்து இதுல கை வைக்காதீங்க, அப்பா.”