சுவரைப் பார்த்து உட்கார்ந்த மிஸ்

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கும். ஆனால் இப்போதே கிடையாது. பதினேழாம் நம்பர் எழுந்து பேசும்வரை அடக்கிக்கொள்ளுங்கள். ஆஷிக்கும் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கல்லூரி, மாடி வகுப்பு. மேடைப் பேச்சுக்கு இன்டர்னல் தேர்வு. முதல் மார்க் வாங்குகிறவருக்குக் கலூரில் நடக்கும் விவாதப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு. ஒரே ஒருவருக்குத்தான்.

திரிபுரசுந்தரி மிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். 'மிஸ் முகம் பார்த்து மார்க் போடுகிறார்' என்று பிரின்ஸிபாலுக்குப் பெயர் போடாத புகார் போயிருந்தது. அதனால் துண்டுச் சீட்டு குலுக்கி எல்லோருக்கும் ஒரு நம்பர். யாருக்கு என்ன நம்பர் என்பது வகுப்புத் தலைவி அஃப்னாவின் நோட்டில் மட்டும்.

புகார் எழுதியது யார் என்கிறீர்களா? ஆஷிக்தான்.

ஆஷிக்குக்கு எந்தக் குரலும் வரும். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற சேட்டன், மூக்கால் பேசும் பிரின்ஸிபால், வாசலில் மீன் விற்கும் அம்மா, எல்லாம். கேன்டீனில் அவன் வாயைத் திறந்தால் விசில் பறக்கும்.

அதே வகுப்பு முத்துவேல் பேசினால் விசில் கிடையாது. எல்லோரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அதுதான் ஆஷிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவன்கிட்ட என்னடா இருக்கு? ஒரே ஒரு குரல்! அதையும் பாதி முழுங்கறான்!"

மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். "அவங்கவங்க குரல்ல பேசணும். அடுத்தவங்க குரல் கேட்டா அந்த நம்பருக்குப் பூஜ்யம். இன்டர்னல் மொத்தமும் போயிடும்."

பிறகு சுவரைப் பார்த்து, "நாலு," என்றார்.

நாலு ஆஷிக். எழுந்தான், கனைத்தான், முத்துவேலாக மாறினான்.

"மரியாதைக்குரியவங்களே... பஜார் ரோட்டுக்குள்ள பகல்ல லாரி வரக்கூடாதுன்னு எதிரணி சொல்றாங்க. சரி. மிளகு மூட்டை என்ன, தானா நடந்து வருமா?"

அதே நிதானம். வாக்கியம் முடியும் இடத்தில் அதே மூச்சு. ஸ்நேஹா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அனூப் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

முத்துவேல் மட்டும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேனா ஓடியது.

ஆஷிக்கின் திட்டம் இதுதான். முத்துவேல் சீட்டைப் பிரித்தபோதே எட்டிப் பார்த்தாயிற்று, பதினேழு. அவன் பேசினால் அதே குரல் மறுபடியும் வரும். "டேய், நீதானே அப்பவே பேசினே?" என்று மிஸ் அவனைப் பிடித்து உலுக்குவார். அப்புறம் கலூராவது, ஒன்றாவது! அதற்கு மேல் ஆஷிக் யோசிக்கவில்லை.

ஐந்து போனது, ஆறு போனது. பன்னிரண்டு வணக்கம் சொல்வதற்குள் அழுதுவிட்டது. பதினாறு நன்றி சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பொறுங்கள், இதோ வந்தாயிற்று.

"பதினேழு."

சத்தமில்லை.

"பதினேழு!"

முத்துவேல் எழுந்தான். ஆஷிக் வாயைப் பொத்திக்கொண்டான். முத்துவேலோ தொண்டையைப் பொத்திக்கொண்டான்.

"க்ஹ்ஹ்..."

வெறும் காற்று.

"தொண்டை கட்டியிருக்கு போல, மிஸ்," என்றாள் அஃப்னா.

"ரெண்டு வரியாவது பேச முடியுமா?" மிஸ் சுவரிடம் கேட்டார்.

"க்ஹ்ஹ்..."

"அப்ப பூஜ்யம்தான் போட முடியும். உட்காரு."

சே! இத்தனை நேரம் காத்திருந்த சிரிப்பு போச்சு. ஆஷிக்குக்கு வந்த கடுப்பு, மிஸ் மார்க் படிக்கும்வரைதான்.

"நாலாம் நம்பர், இருபதுக்குப் பத்தொன்பது. முதல் மார்க். யாரு அது?" மிஸ் நாற்காலியைத் திருப்பினார்.

"ஆஷிக், மிஸ்."

"ஆஷிக்கா? நான் முத்துவேல்னு நெனச்சேனே!"

"எனக்குச் சளி, மிஸ்," என்றான் ஆஷிக், பால் குடிக்கிற குழந்தை மாதிரி.

மிஸ் முத்துவேலைப் பார்த்தார். அவன் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒத்துப் பார்க்கக் குரலே இல்லை. 'கலூர் - ஆஷிக்' என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஆஷிக் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது முன்னால் முத்துவேல் தனியாக நின்றிருந்தான். இவனைக் கவனிக்கவில்லை. பஸ் நிற்காமல் போகப் பார்த்தது.

"சேட்டா, நிறுத்துங்க! ஆள் ஏறணும்!"

கணீரென்ற குரல். எதிரே இருந்த இஞ்சிக் கிடங்கின் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பஸ்தான் நிற்கவில்லை.

ஆஷிக் பாய்ந்து வந்தான். "அட திருடா! தொண்டைக்கு ஒண்ணுமே இல்லையே! நான் பேசினதைக் கேட்டதும் காலு நடுங்கிருச்சா? பயந்தாங்கொள்ளி!"

முத்துவேல் பதில் சொல்ல வாயெடுத்தான். அவன் கண் ஆஷிக்கின் தோளுக்குப் பின்னால் போனது. சட்டென்று கை கழுத்துக்குப் போனது.

பின்னால் மிஸ். கையில் குடை, கக்கத்தில் ஃபைல்.

"இப்ப எப்படி இருக்கு, முத்துவேல்?"

"க்ஹ்ஹ்..."

"வெந்நீர் குடி. உன்னைத்தான் நம்பியிருந்தேன்," என்று சொல்லிவிட்டு மிஸ் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

"பஸ்ஸும் போச்சு, பரீட்சையும் போச்சு. இன்னும் யாருக்குடா இந்த நாடகம்?" என்றான் ஆஷிக்.

மிஸ் தெருமுனை திரும்பும்வரை முத்துவேல் பேசவில்லை. பிறகு காதோரம் வந்து மெல்லச் சொன்னான்:

"மார்க் லிஸ்ட்டை அவங்க இன்னும் ஆபீஸ்ல கொடுக்கலைடா. அந்த ஃபைல்லதான் இருக்கு."

ஆஷிக் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

பதினேழு வாயைத் திறந்திருந்தால், மிஸ் நாற்காலியைத் திருப்பியிருப்பார். நாலைத் தேடி.