வெளியூர் நிபுணர்

“மெக்கானிக்கலுக்கு எதுக்கும்மா வந்தே? கம்ப்யூட்டர் படிச்சிருக்கலாமே?”

கேட்டவர் பேராசிரியர் சதக்கத்துல்லா. விரிவுரையாளர் நேர்காணலுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த வெளியூர் நிபுணர். இப்படி ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நேர்காணல் செல்லும் என்பது அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியின் விதி.

இராமலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்கு முன் ஏறி இறங்கிய கல்லூரிகளிலும் இதே கேள்விதான்.

“எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு சார்.”

“பிடிச்சா போதுமா? போர்டுகிட்ட போ.”

அவளுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாம் டீ ஆறுவதற்குள் வெளியே வந்திருந்தார்கள். இவளுக்கு மட்டும் ஏனோ சாக்பீஸ்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். எம்.ஈ. முடித்துத் திரும்பியவளை ஊர் ‘லாரி மெக்கானிக்’ என்று செல்லமாகக் கூப்பிட்டது. தான் படித்ததில் கையில் கிரீஸ் ஒட்டாது, கணக்குதான் ஒட்டும் என்று விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த வேலையும் இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் டைப் சொல்லிக்கொடுக்கப் போய்விட வேண்டும் என்று அய்யா முடிவாகச் சொல்லிவிட்டார். கேள்வி எதுவானாலும் பாதியில் விட்டு எழுந்திருப்பதில்லை என்று அவளும் ஒரு முடிவோடுதான் பஸ் ஏறியிருந்தாள்.

“பாம்பன் ரயில் பாலம் பாத்திருக்கியா? கப்பல் வந்தா, நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் எழும்புது. ஆளுங்க கையால சுத்தித் திறக்கிறாங்க. அவ்வளவு இரும்பை எப்படித் தூக்குறாங்க?”

“தூக்குறதில்ல சார். பின்னாடி எதிர் எடை இருக்கு. பாலத்தோட எடையை அது பாத்துக்கும். உராய்வையும் காத்தையும் சமாளிக்கத்தான் ஆளு.”

“காத்து எவ்வளவு தள்ளும்? கணக்குப் போடு.”

போட்டாள். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

“உன் கணக்குப்படி, புயல் அடிக்கிறப்ப ஒரு கைக்குழந்தை கூடத் திறந்துரும் போலிருக்கே?”

பக்கத்தில் இருந்த முதல்வர் உக்கிரபாண்டி பதறிவிட்டார். நல்ல மனிதர். வந்ததும் அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தவர் அவர்தான்.

“போதும் சார், விட்டுருங்க. பொம்பளப்புள்ள, பாவம். நீ இந்தத் தண்ணியக் குடிச்சுட்டுக் கிளம்பும்மா. தகவல் அனுப்புறோம்.”

“இல்ல சார். தப்பு எங்கன்னு பாத்துட்டுப் போறேன்.”

தண்ணீரைத் தொடவில்லை. முதல் வரியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பாதியில் விரல் நின்றது.

“பாலம் எழும்ப எழும்பக் காத்து மோதுற பரப்பு கூடும். நான் படுத்திருக்கிற பாலத்துக்கே போட்டுட்டேன்.”

அழித்தாள். மறுபடி போட்டாள். சரியாக வந்தது. ‘நன்று’ என்று ஒரு வார்த்தை? அடுத்த கேள்விதான் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“கடைசியா ஒண்ணு. உப்புக் காத்துல அரிச்ச இரும்புல வெடிப்பு விழுந்திருக்கு. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?”

“தெரியல சார்.”

“சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லு.”

“அளந்து பாக்காம உத்தேசம் சொல்லக் கூடாது சார். மேல ஆளுக போவாக.”

“சரி, போகலாம்.”

வெளியே வந்தபோது சேலை முந்தானை முழுக்கச் சாக்பீஸ் தூள். வாசலில் பியூன் சின்னக்கருப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏத்தா, உள்ள அம்புட்டு நேரம் என்னத்தப் பேசிக்கிட்டு இருந்தே? தாளாளரோட மருமகன் போன வாரத்துல இருந்து அந்த வேலையப் பாத்துக்கிட்டுல்ல இருக்காரு!”

சாலையில் இராமநாதபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கைகாட்டினார். இராமலட்சுமி ஏறவில்லை. திரும்பி விறுவிறுவென்று நடந்து, கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். பேராசிரியர் மட்டும் இருந்தார்.

“அந்த வேலைக்கு ஆளு போட்டாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும். ஆளுக்கு ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிருங்கன்னு காலையிலயே முதல்வர் சொல்லிட்டார்.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“போடல. அதைத் தாளாளருக்குச் சொல்லத்தான் முதல்வர் போனைத் தேடி ஓடியிருக்கார்.”

“அப்புறம் எதுக்கு சார் என்னைப் போட்டு அந்த வறு வறுத்தீங்க? நான் என்ன வேடிக்கைப் பொருளா?”

பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சென்னையில என் ஆராய்ச்சிக் கூடத்துலயும் ஒரு வேலை காலியா இருந்துச்சும்மா. கடலோரத்து இரும்பு எப்படி வெடிக்குதுன்னு பாக்கிற வேலை. ரொம்ப நாளா ஆள் தேடினேன். வந்தவன் எல்லாம் தெரியாததையும் தெரியும்னு சொன்னான்.”

“இருந்துச்சுன்னா?” அவளுக்கு இன்னும் சூடு இறங்கவில்லை. “அதுக்கும் யாரோட மருமகனையாவது போட்டாச்சா சார்?”

“ஆள் எடுத்தாச்சு. அந்த இன்டர்வியூதாம்மா இவ்வளவு நேரம் நடந்துச்சு.”