ரிமோட் யார் கையில்?

தேவிஸ்ரீ தாள்களை மேசையில் அறைந்த வேகத்தில் கோப்பிக் குவளை துள்ளிக் கவிழப் பார்த்தது.

“அப்ப சேனல யாரு மாத்துனா? பேயா?”

எதிரே யுவனேஸ்வரன். மூன்றாம் ஆண்டு மாணவன். மோட்டார் ஹெல்மட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

டுரியான் துங்கால் பல்கலைக்கழக வளாகத்தில் அவள் நடத்தும் பாடம், தொலைக்காட்சியும் வெகுமக்கள் பண்பாடும். டிவி பார்க்க ஒரு பட்டமா என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கிற வீடுகளைத்தான் அவள் மாணவர்களை அனுப்பி அளப்பாள். பத்து வீடு, ஏழு நாள். என்ன பார்த்தார்கள், எத்தனை மணி நேரம், ரிமோட் யார் கையில் இருந்தது.

கடைசிக் கேள்விதான் அவளுக்கு உயிர். ரிமோட் வைத்திருப்பவர்தான் அந்த வீட்டு முதலாளி என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள்.

யுவன் லூபோக் சீனா ஊரில் பத்து வீடு பிடித்திருந்தான். பெயர் எழுதக் கூடாது, கதவு எண் மட்டும். ஒன்பது வீடு ஒழுங்கு.

பத்தாவது, இருபத்தேழாம் எண். அறுபத்தாறு வயதுப் பெண், தனி ஆள். ஏழாம் தேதி முதல் நேற்று பதின்மூன்றாம் தேதி வரை, மாலை ஆறரை முதல் பத்தரை வரை, ஒரு நாடகம் விடவில்லை.

ரிமோட் யார் கையில்? யார் கையிலும் இல்லை. ஏழு நாளும் அதே பதில்.

பொய் விற்க வந்தவன் கொஞ்சம் விலையைக் குறைத்தாவது சொல்ல வேண்டாமா? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து ரிங்கிட் சங்கிலியைத் தங்கம் என்று தள்ளிவிடுகிறவன்கூட ஒரு தடவை கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்.

“அந்த வீட்ல ஒண்ணாந்தேதி சாவு. கருமாதிக்கே இன்னும் ரெண்டு நாள் கெடக்கு. சாவு வீட்ல எவனாச்சும் டிவி போடுவானா? நீயும் தமிழ் வீட்டுப் பிள்ளதானே?”

“டாக்டருக்கு அந்த வீட்டத் தெரியுமா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

பதில் வருமுன்பே இழுப்பறையிலிருந்து ஒழுங்கு நடவடிக்கைப் படிவத்தை உருவினாள். இட்டுக்கட்டிய தரவு என்றால் ஒரு செமஸ்டர் நீக்கம். கடன் வாங்கிப் படிக்கிறவன். அந்த ஒரு செமஸ்டரில் குருபோங் பக்கம் ஏதாவது ஃபேக்டரி வேலைக்குப் போனால், இவன் திரும்பி வரப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.

எழவு வீட்டை வைத்து மார்க்கு தேடுகிறான். அதுவும் அந்த வீட்டை.

“சத்தியமா லா, டாக்டர். மால போட்ட படத்தப் பார்த்துட்டு அந்த வீட்டத் தாண்டிட்டேன். அந்த ஆன்ட்டிதான் கேட் வரைக்கும் வந்து, எனக்கும் ஒரு ஃபாரம் குடு தம்பின்னு கேட்டாங்க. பின்பக்கம் படிங்க டாக்டர், ப்ளீஸ்.”

படிவத்தில் அவன் பெயரை எழுதி முடித்துவிட்டுத்தான் இருபத்தேழாம் எண் தாளைத் திருப்பினாள்.

‘கணவர் இருந்தவரை செய்தி, காற்பந்து மட்டும். நாடகம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லையாம். இப்போது ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறார். ரிமோட் இல்லை. மகள் எடுத்து எங்கோ வைத்துவிட்டாராம். கேட்கப் பயமாம். ஸ்டூலில் ஏறி, அலமாரி மேலிருக்கும் சேனல் பெட்டியில் பொத்தானை அழுத்துகிறார்.’

இரண்டு முறை படித்தாள். ‘கேட்கப் பயமாம்’ என்பதை மட்டும் மூன்றாவது முறை.

நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை மடிக்கு இழுத்துப் பக்கத்து ஜிப்பைத் திறந்தாள்.

அங்கேயேதான் கிடந்தது. அப்பாவைக் கொண்டுபோன அன்று, சாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் டிவியைப் போட்டுவிடப் போகிறார்கள் என்று அவளே எடுத்துச் சொருகியது.

ஆறாம் தேதி போனில் அம்மா, “அந்த ரிமோட்டு...” என்று இழுத்தாள். “இப்ப அதுதான் முக்கியமா?” என்று இவள் கத்திய கத்தலில், அம்மா தேங்காய் விலைக்குப் பேச்சை மாற்றிக்கொண்டாள்.

ரிமோட்டில் இரண்டு எண்கள் மட்டும் அப்பாவின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்து மறைந்திருந்தன. மற்றவையெல்லாம் கடையிலிருந்து வந்த கருக்கு அழியாமல் இருந்தன.

“டாக்டர், அந்த ஃபாரம்...”

ஒழுங்கு நடவடிக்கைப் படிவத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் எறிந்தாள். கோபம் ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. ஆள்தான் மாறியிருந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘யார் கையிலும் இல்லை’ என்பதை ஒவ்வொரு நாளாக, ஏழு நாளுக்கும் அடித்தாள். ஐந்தாவது நாளில் தாள் கிழிந்தது.

அதற்கு மேலே எழுதினாள்:

மகள் கையில்.