முதல் சுளை

பழம் இரண்டாகப் பிளந்ததும் ஆண்டாயி தன் வலது கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

முதல் சுளை தன் கைக்குத்தான் வரப்போகிறது. அதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

பச்சைமலையில் எத்தனையோ வீடுகளில் பலாமரம் உண்டு. இந்த வழக்கம் மட்டும் அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கே உரியது. பருவத்தின் முதல் பழத்தை, கடைசியாக வந்த மருமகள் மரத்தடியிலேயே பிளக்க வேண்டும். முதல் சுளையை எடுத்து, வீட்டில் யார்மேல் அவளுக்கு மனத்தாங்கலோ அவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் தின்றுவிட்டு, ‘இத்தோட போச்சு’ என்று சொல்லிவிட்டால் கோபதாபமெல்லாம் அந்த மரத்தடியோடு சரி. அதுவரை வேறொரு காயைத் தொடக்கூடாது.

ஆண்டாயியும் ஒரு காலத்தில் தன் மாமியார் கையில் கொடுத்தவள்தான்.

மரமேற வந்த ஆட்கள் கயிறும் அரிவாளுமாக நின்றார்கள். பெரம்பலூர் வியாபாரியின் வேன் ரோட்டில் நின்றது. சொந்தபந்தமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது.

“வேற யாருக்குக் குடுக்கப்போறா? எனக்குத்தான்” என்று காலையிலேயே தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் ஆண்டாயி.

சொல்ல மாட்டாளா பின்னே? அவளுக்கும் மருமகள் பூவிழிக்கும் நடக்கும் சண்டை அடிவாரம் வரைக்கும் கேட்கும். களியில் உப்புக் கூடினால் ஒரு சண்டை, குறைந்தால் ஒரு சண்டை. சாமையை உரலில் குத்துவதா, மிஷினுக்குக் கொண்டுபோவதா என்று தொடங்கியது நாள்கணக்கில் ஓடியது. பூவிழியும் லேசுப்பட்டவள் இல்லை. ஆண்டாயியின் சொந்த அண்ணன் மகளாயிற்றே, அந்த வாய் எங்கே போகும்?

சுளையை வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட ஆண்டாயி யோசித்து வைத்திருந்தாள். ரொம்பச் சிரித்தால் மருமகளுக்கு இளக்காரமாகிவிடும்.

மகன் அறிவழகன் கொஞ்சம் தள்ளி மரத்தில் சாய்ந்து நின்றான். அவனைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. கல்யாணமாகி ஒரு வருடமாகிறது, அவர்கள் அறையிலிருந்து ஒரு சண்டைச் சத்தம் வந்ததில்லை. புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பெருமை பேசிவந்தாள். மாமன் மகளைக் கட்டுவதும் அந்தக் குடும்பத்து வழக்கம்தான். பரிசம் போட நாள் குறித்துவிட்டு வந்து சொன்னபோது அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கமான பிள்ளை.

பூவிழி எண்ணெய் தடவிய விரல்களால் பால் ஒட்டாமல் சுளையை உருவி எடுத்தாள். நல்ல பெரிய சுளை. எழுந்து நேராக ஆண்டாயியை நோக்கித்தான் வந்தாள்.

ஆண்டாயி கையை நீட்டினாள்.

பூவிழி அவளைத் தாண்டிப் போனாள்.

அறிவழகன் முன்னால் போய் நின்று சுளையை நீட்டினாள். அத்தையிடம் அத்தனை வாய் பேசுகிறவள் அவனிடம் ஒன்றுமே பேசவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புதுப் பெண்டாட்டியின் விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆண்டாயிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையிலிருந்து சண்டைச் சத்தம் மட்டுமா வந்ததில்லை? சிரிப்புச் சத்தமும் வந்ததில்லை. பேச்சுச் சத்தமும் வந்ததில்லை. பேச ஆளில்லாமல்தான் இந்தப் பெண் தன்னிடம் உப்புக்கும் சாமைக்கும் மல்லுக்கு நின்றாளா?

அறிவழகன் சுளையை வாங்கினான். தின்னவில்லை. பூவிழியை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு நடந்து வந்து, மடக்க மறந்து இன்னும் நீண்டிருந்த அம்மாவின் கையில் அதை வைத்தான்.

சுளையை இப்படிக் கைமாற்றிவிட்டதை அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

காலையில் அறிவித்தபடியே முதல் சுளை ஆண்டாயியின் கைக்கு வந்துவிட்டது.

பரிசத்துக்கு நாள் குறித்த அன்று அவள் மகனிடம் சொன்னாள். அவனைக் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னாள். அந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பந்தல் போட்டுவிட்டாள்.

சுளையை வாயில் போட்டு மென்றாள். பழத்தின்மேல் ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இனித்தது. இனி அந்த வார்த்தையைச் சொன்னால் முடிந்தது. ஆட்கள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

ஆண்டாயி அதைச் சொல்லவில்லை. புடைத்திருந்த வேரின்மேல் உட்கார்ந்தாள். மகனை ஒரு பக்கமும் மருமகளை ஒரு பக்கமும் இழுத்து உட்காரவைத்தாள்.

“இப்ப சொல்லுங்க ரெண்டு பேரும். ஒங்களுக்கு என்னா வேணும்?”

ரோட்டில் வேன்காரன் ஆரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு ஆண்டாயி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.