வெளிய வந்துட்டேன்

"நீங்க ஏதும் தொட்டீகளாக்கா?" என்று கேட்டான் செல்போன் கடை அன்பரசன், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

மாரித்தாய் தொடவில்லை. ராத்திரி சார்ஜில்தான் போட்டிருந்தாள். விடிந்து பார்த்தால் போன் தானாகப் புதுசாகியிருந்தது. திரையிலிருந்த குட்டிப் படங்களெல்லாம் இடம் மாறியிருந்தன. பச்சைப் பொத்தான் மட்டும் திறக்க மறுத்தது.

"நம்மளக் கேக்காமலா மாத்துவாக?"

"போன் கம்பெனிக்காரன் எங்க கேக்கான்? காசு குடுத்து வாங்குனது நாம. சாவி அவன்ட்ட." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பட்டாசுக் கம்பெனி விட்டதும் நேராகச் சாத்தூருக்குப் பஸ் ஏறியிருந்தாள். நகக்கண்களில் அலுமினியப் பொடி. கையில் தூக்குவாளி வைத்த வயர் கூடை.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய கையோடு எல்லாரும் வீட்டுக்குப் பேசுவார்கள். பத்திரமாக வெளியே வந்தாயிற்று என்ற சொல் வரும்வரை சில வீடுகளில் உலை வைக்க மாட்டார்கள்.

மாரித்தாய்க்கு நம்பர் தேடிப் போட வராது. அதற்காகவே மகள் இசைவாணி, பாலிடெக்னிக்கில் படித்தபோது, அந்தப் பச்சைப் பொத்தானைத் தன் கையால் செய்து கொடுத்தாள். தொட்டால் போதும். 'வெளிய வந்துட்டேன்' என்று மகளின் போனுக்குப் போய்விடும்.

இப்போது தொட்டால் வேறு எழுத்து வந்தது. அன்பரசன் வாசித்துக் காட்டினான். இந்தச் செயலி பழைய பதிப்புக்காக உருவாக்கப்பட்டது. உருவாக்கியவரைத் தொடர்புகொள்ளவும்.

"பழையபடி ஆக்க முடியாதா தம்பி?"

"இந்தப் போன்ல விடமாட்டான்க்கா. வாட்சப்புல அனுப்பிக்கிடுங்களேன்."

"அது வேண்டாம். இதுதான் வேணும்."

"அப்ப உங்க மகட்டயே கேட்டுருவோம். செஞ்சவுகளுக்கு அஞ்சு நிமிச வேல."

அவள் வாய் திறப்பதற்குள் 'இசை' என்ற பெயரைத் தேடி அழுத்திவிட்டான்.

வயர் கூடைக்குள் மணி அடித்தது.

அன்பரசன் எட்டிப் பார்த்தான். தூக்குவாளிக்குப் பக்கத்தில், துண்டில் பொதிந்த இன்னொரு போன். அதன் நெற்றியில், மாலை போட்ட படத்துக்கு வைப்பதுபோல், காய்ந்த சந்தனப் பொட்டு. திரையில் 'அம்மா'.

மணி ஓய்ந்தது. திரையில் 'வெளிய வந்துட்டேன்', 'வெளிய வந்துட்டேன்' என்று வரிசையாக நின்றன. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை.

அன்பரசன் கையிலிருந்த போனை மெல்ல மேசைமேல் வைத்தான்.

அவள் துண்டை இழுத்து மூடினாள்.

"இன்னைக்கு நான் வெளிய வந்தத இன்னும் அவகிட்டச் சொல்லல, தம்பி."