டீச்சரின் கையெழுத்து

கதவைத் திறந்துகொண்டு வந்த பெண், ரதீஸின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கமெல்லாம் எங்கே வரப்போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“இரு பிள்ளை. கஜானிதானே? எந்த ஊர்?”

“வவுணதீவு, சேர்.” கதிரையின் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

“அட, நான் பொண்ணெடுத்த ஊர். அங்கதான் இருக்கிறன், ஆனா ஒருத்தரையும் தெரியா. விடியப் போனா இருட்டித்தான் வாறது.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

புளியந்தீவில் இருந்த அந்தக் கல்வி நிதியத்துக்கு ரதீஸ் செயலாளர். வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழக உதவிப்பணம் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளக் கத்தி, விதியை மாற்ற வைத்தவன் அவன்தான். நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது. படிப்பித்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது, அவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த விதியின் கீழ் வந்த முதல் பிள்ளை கஜானி. அவளுடைய விண்ணப்பத்தில் ஆசிரியர் கையெழுத்து வைக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. இன்று நான்கு மணிக்குப் பட்டியல் மூடப்படுகிறது.

“அம்மா விழுந்து இடுப்பு ஏலாமப் போயிட்டு. அதோட பள்ளிக்கூடத்த விட்டுட்டன்” என்றாள் கஜானி. “டீச்சர்தான் தன்ட வீட்டுக்கு வரச் சொல்லிப் படிப்பிச்சவ. பிரைவேட்டா ஏ.எல் சோதின எடுத்து, மூண்டு பாடத்துக்கும் ஏ.”

“அதுதான் தெரியுதே. டீச்சர்ர பேர் என்ன?”

“சொல்ல ஏலா சேர்.”

“ட்ரெயினிங் முடிச்சவதானே?”

“ஓம்.”

“உனக்குச் சொந்தமா?”

“இல்ல.”

“பேந்தென்ன? பேரைச் சொல்லு. ஆளனுப்பிக் கையெழுத்து வாங்கிறன்.”

கஜானி தலையைக் குனிந்துகொண்டாள். ரதீஸ் பேனையை மேசையில் போட்டான். எத்தனை பேரோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்த விதி! முதல் பிள்ளையே இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தால், நாளைக்கு நிர்வாகத்துக்கு அவன் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர் ஸுஹைனா குறுக்கிட்டாள். “நீங்க கேக்கிறதப் பாத்தா பொலிஸ் ஸ்டேஷன் மாதிரி இரிக்கி சேர். புள்ள பயந்து போய் இரிக்கி.” கஜானியின் பக்கம் திரும்பினாள். “என்ன மகள்? இது கெடைக்காட்டி என்ன செய்யப் போறாய்?”

“காமன்ட்ஸ் பக்டரிக்குத் தைக்கப் போவன், மிஸ்.”

“மூண்டு ஏயையும் வெச்சிக்கிட்டா?”

“வேற வழியில்லையே. நான் பேரைச் சொன்னா வகுப்பு நிண்டு போயிரும் மிஸ். அவவிட்ட இன்னும் சின்னப் பிள்ளையள் படிக்குதுகள். எல்லாம் என்னப் போல, பள்ளிக்கூடம் போக ஏலாததுகள். எனக்காக அதுகள்ற படிப்பக் கெடுக்க ஏலா.”

“ஆர் நிப்பாட்டுறது?” என்றான் ரதீஸ்.

“டீச்சர்ர வீட்டுக்காரர்.”

“ஏன், அவருக்கென்ன?”

“கலியாணம் முடிச்ச உடனே, வேலைக்கெல்லாம் போக வேணாம் எண்டு சொல்லிட்டாராம். நியமனத்தையும் விட்டுட்டா. அவர் வேலைக்குப் போன பிறகுதான் நாங்க போற. அவர் வாறதுக்கு முதல் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிட்டு வந்திருவம்.”

ரதீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாத்தீங்களா ஸுஹைனா? படிச்ச பொம்புள, எங்கட ஊர் வழக்கப்படி தன்ட தாய் சீதனமாக் குடுத்த வீட்டில இருந்துகொண்டு, வந்த மாப்பிள்ளைக்கு ஒளிச்சுப் பாடம் சொல்லிக் குடுக்கிறா. இந்தக் காலத்திலயும் இப்பிடி ஒருத்தன்.”

“எல்லாரும் ஒங்களப் போல இருப்பாங்களா சேர்?” என்றாள் ஸுஹைனா.

அந்தக் கோபத்திலும் அவனுக்கு அது இதமாக இருந்தது. கதிரையை முன்னுக்கு இழுத்து, குரலைத் தணித்துக்கொண்டான்.

“இஞ்ச பார் கஜானி. அந்தாளோட நானே கதைக்கிறன். டீச்சர்ர வகுப்பு நிக்காது. அவ விரும்பினா வேலைக்கும் போவா. இதுக்கு நான் பொறுப்பு. ஸுஹைனா மிஸ் சாட்சி.”

கஜானி முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். “உண்மையாவா சேர்?”

“உண்மையா.”

“அவர் கோவப்பட்டா?”

“கோவப்படட்டும். அவனுக்கு வெக்கம் வாற மாதிரி நாலு கேள்வி கேக்கத்தான் போறன்.” ரதீஸ் கைத்தொலைபேசியை எடுத்தான். “டீச்சர்ர பேர் கிடக்கட்டும். அந்த மனுசன் ஆரெண்டு மட்டும் சொல்லு. இப்பவே கோல் எடுக்கிறன்.”

அவள் ஸுஹைனாவைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல ஸுஹைனா தலையசைத்தாள்.

“நீங்கதான் சேர். டீச்சருக்கு ஏசிப்போடாதீங்க.”